கட்டக்கா

புதன்கிழமை பின்னேரம் என்றால் எனக்குத் தலையிடி. அன்றைக்குத்தான் அவர் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வருவார். கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தார். வேலை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போகிற வழியில் எங்களிடம் ஏறி இறங்குவார். தோள்பையைக் கொண்டுவந்து என் மேசையில், நான் திருத்திக்கொண்டிருக்கிற தாளின் மேலேயே வைப்பார். இருக்கச் சொன்னால் இருக்கமாட்டார். "புரூஃப் எங்க மிஸ்?" என்பதுதான் அவருடைய வணக்கம்.

எங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறுக்கெழுத்துப் போட்டியைத் தயாரித்தவர் அவர். அந்த இணைப்பு என் பொறுப்பில் இருந்தது. போட்டியில் தன் பெயரைப் போட அவர் விடவில்லை. நாங்கள் எங்களுக்குள்ளே அவரைக் கட்டக்கா என்றோம். கட்டம் போடுகிற அக்கா. ஆள் நல்ல நெட்டை. ஒருநாள் அச்சுக்கோக்கிறவர் அவர் காதுபடவே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார். நான் பயந்துபோனேன். அவர் திரும்பிப் பார்த்து, "கட்டம் போடுறவ, கட்டையா இருக்கிறவ. ரெண்டு அர்த்தம் வருது. ஆனா அதுல ஒண்ணு பொய். அப்ப இந்தப் பேரு செல்லாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி புரூஃபில் குனிந்துகொண்டார். நாங்கள் பெயரை மாற்றவில்லை.

மற்றப் பத்திரிகைகளில் குறுக்கெழுத்து என்றால், சூரியன் என்று குறிப்பு இருக்கும், ஞாயிறு என்று நிரப்ப வேண்டும். ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல். அவருடையது அப்படி இல்லை. ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு துண்டு இருக்கும். இரண்டும் வேறு வேறு திசையிலிருந்து வந்து ஒரே சொல்லில் முட்ட வேண்டும். "காதில் கிடக்கும், வாயில் வரும்" என்றால் நகை. தோடும் நகை, சிரிப்பும் நகை. "தாளத்தோடு இருக்கும், தோட்டத்தில் வரிசையாக இருக்கும்" என்றால் லயம். இந்த லயத்துக்கு யாழ்ப்பாணத்து வாசகர்களிடமிருந்து கோபக் கடிதங்கள் வந்தன. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்பது எந்த அகராதியில் இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். நான் வாசித்துக் காட்டினேன். மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். "உங்க ஊர்ச் சொல்லுக்கெல்லாம் நாங்க அகராதி தேடுனோம்ல? அவங்களும் தேடட்டும்" என்றார். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். நானும் யாழ்ப்பாணத்தாள்தான்.

அவரோடு வேலை செய்வது ஏன் கஷ்டம் என்றால், அவருக்கு 'பரவாயில்லை' என்ற சொல் வராது. ஒருமுறை "குளிர்ந்து போ, மலையில் பிறக்கும்" என்று போட்டிருந்தார். விடை ஆறு. தேத்தண்ணியும் ஆறும், மலையில் பிறப்பதும் ஆறு. பாதி வாசகர்கள் பனி என்று எழுதி அனுப்பினார்கள். எங்கள் ஆசிரியர் இளகிய மனிதர். "ரெண்டையும் ஏற்பம், சனம் பாவம்" என்றார். கட்டக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பனி பொறக்காது சார். விழும்."

"சரி அம்மா, ஆனால் கிட்டத்தட்டச் சரி மாதிரித்தானே இருக்கு?"

"சரி மாதிரி இருக்கிறது சரி இல்ல சார். பொறக்கிறதுக்கும் விழுறதுக்கும் வித்தியாசம் இல்லைன்னா நாம எதுக்குப் போட்டி நடத்துறோம்?"

அடுத்த ஞாயிறு விடைகளுக்குக் கீழே ஒரு வரி போட வைத்தார். "பனி ஏற்கப்படவில்லை. பனி பிறப்பதில்லை." அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அந்த இடத்தில் ஒரு வரி வந்தது. இன்னது ஏற்கப்படவில்லை, இன்ன காரணம். வாசகர்கள் திட்டி எழுதினார்கள். ஆனால் பேப்பர் வந்ததும் அந்த வரியைத்தான் முதலில் பார்க்கிறோம் என்றும் எழுதினார்கள். அவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. கடிதங்கள் எல்லாம் ஐயா, ஐயா என்றே தொடங்கின.

யுத்தம் நடந்த காலம் அது. யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்தது. வெள்ளவத்தையில் நான் இருந்த அறையிலிருந்து அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸை மறித்துப் பலமுறை இறக்குவார்கள். பத்திரிகைக்குத் தணிக்கை இருந்தது. தணிக்கை இல்லாத மாதங்களில் பயம் இருந்தது. ஆசிரியர் குறுக்கெழுத்தையும் சிவப்புப் பேனையோடுதான் வாசித்தார். கொடி வேண்டாம், அது படர்வதாக மட்டும் இல்லை. குண்டு வேண்டாம். இயக்கம் வேண்டவே வேண்டாம். கட்டக்காவுக்குப் பிடித்த சொற்கள் எல்லாமே இரண்டு பொருள் உள்ளவை. அந்த வருடங்களில் இரண்டாவது பொருள் முழுக்க ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆசிரியர் வெட்டியதைக் காட்டித் திட்டு வாங்குகிற வேலை எனக்கு.

"அப்ப போ, வான்னு பச்சப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி மட்டும் போடவா?" என்று ஒரு புதன்கிழமை கத்தினார்.

"ஓம் அக்கா, அப்பிடியே போடுங்கோ" என்று நானும் கத்தினேன்.

அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த கட்டத்தில் ஒரு குறிப்பு இருந்தது: "போ, வந்தால் ஓடு." இரண்டெழுத்து. செல். போ என்பதும் செல், பீரங்கி அடித்து வந்து விழுகிற குண்டும் செல்.

ஆசிரியர் வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவருடைய தாய் அப்போது ஊரில், வீட்டுக் கோடியில் வெட்டிய பதுங்குகுழிக்கும் குசினிக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தா. செல்லடி என்றால் என்ன என்று அவருக்குக் கடிதத்தில் எழுதித் தெரியவேண்டிய நிலை இல்லை. "நல்ல குறிப்பு. போடேலாது" என்றார். செல் என்றால் கறையானும்தான் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. "போ, மரத்தை அரிக்கும்" என்று மாற்றி என்னிடம் தந்தார்.

ஞாயிறு காலை நான் குடியிருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி அடித்தது. எனக்குத்தான்.

"கறையானா மிஸ்? கறையானா? இப்ப எந்த வீட்டுலங்க செல்லுன்னா கறையான்னு நெனைக்கிறாங்க?"

நான் ரிசீவரைக் காதிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையில் அவர் வீடு இருந்த ஒழுங்கையை ஒரு விடியற்காலை ஆமியும் பொலிஸும் சுற்றிவளைத்தார்கள். அவருடைய கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனிதர். அலுவலகத்துக்கு டெலிபோன் எடுத்து, "அவள கொண்டு போயிட்டாங்க மிஸ். கட்டத்தையும் கொண்டு போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு விளங்கிவிட்டது. சாப்பாட்டு மேசையில் அந்த வாரத்துக் கட்டம் கிடந்திருக்கும். பெரிய தாளில் சதுரங்கள், கறுப்படித்த சதுரங்கள், மூலையில் எண்கள், பாதி நிரப்பிய தமிழ் எழுத்துகள். அதைப் பார்த்த ஆமிக்காரனுக்கு அது சங்கேதமாக இல்லாமல் வேறு எதுவாகத் தெரிந்திருக்கும்?

ஆசிரியர் என்னை அனுப்பினார். "உமக்குச் சிங்களம் வரும். பத்திரிகை அடையாள அட்டையைக் காட்டி, இது எங்கட போட்டிதான் எண்டு சொல்லும்." என் தேசிய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. அதைக் கைப்பையின் அடிக்குத் தள்ளிவிட்டு, பத்திரிகை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பொலிஸ் நிலையப் படியில் ஏறினேன்.

பொறுப்பதிகாரி நான் பயந்த மாதிரி ஆள் இல்லை. தாளைத் தூக்கிப் பார்த்தவுடனே, "மே ஹரஸ்பத நேத?" என்றார். இது குறுக்கெழுத்துத்தானே என்று கேட்கிறார். என் மனைவியும் ஒவ்வொரு ஞாயிறும் இதோடுதான் கிடக்கிறாள் என்றார். கட்டக்கா பக்கத்தில் மரவாங்கில் இருந்தார். இரவு உடுப்புக்கு மேல் ஒரு சேலையைச் சுற்றியிருந்தார்.

அதிகாரி கோப்பை மூடுவதற்கு முன், நிரப்பியிருந்த சொற்களில் ஒன்றை வாசிக்கும்படி தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிளிடம் கொடுத்தார். கிழக்கு மாகாணத்து முஸ்லிம் பொடியன். அவன் விரல் வைத்து வாசித்தான்: வேங்கை. என்ன பொருள் என்று அதிகாரி கேட்டார். கொன்ஸ்டபிள் எங்களை ஒருதரம் பார்த்தான். பிறகு சிங்களத்தில், "மரம் சேர். கம்மாலு மரம்" என்றான். அதிகாரி தலையாட்டிவிட்டுப் பேனையை எடுத்தார்.

கட்டக்காவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். நாள் முழுக்க மூன்று மொழியிலும் டெலிபோனில் பேசுகிறவர். "மரம் மட்டும் இல்லை சேர்" என்றார்.

நான் அவருடைய காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"புலியும்தான். இரண்டு பொருளும் வரவேண்டும். ஒன்று மட்டும் என்றால் அது என்னுடைய குறிப்பே இல்லை."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். அதை மறுபடி அவர் எடுக்க நாலைந்து நாள் ஆனது. கம்பனியின் சிங்கள மனேஜர் நேரில் வந்து, இவர் எங்களிடம் இத்தனை வருடமாக வேலை செய்கிறார் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.

கூட்டிக்கொண்டு போக நானும் கணவரும் போயிருந்தோம். முச்சக்கரவண்டியில் ஏறியதும் எனக்கு அடக்க முடியவில்லை.

"உங்களுக்கென்ன விசரா அக்கா? அந்தப் பொடியன் உங்களைக் காப்பாத்தத்தானே மரம் எண்டு சொன்னவன்?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ சொன்னனீங்கள்?"

அவர் வெளியே பார்த்தபடி இருந்தார். முகம் வீங்கிக் கிடந்தது. "எனக்கு வாய் நிக்கல புள்ள" என்றார். என்னை மிஸ் என்று கூப்பிடாமல் விட்டது அன்றைக்குத்தான்.

உள்ளே என்ன நடந்தது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தூரத்தில் ஒரு சீருடை தெரிந்தாலே பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவார். பத்து நிமிட நடைக்கு ஊரைச் சுற்றிப் போவார். குறுக்கெழுத்தை நிறுத்தச் சொல்லி ஆசிரியருக்கு மேலிடத்திலிருந்து சொல் வந்தது. அந்த இடத்தில் இரண்டு படங்களைப் போட்டு, வித்தியாசங்களைக் கண்டுபிடி என்று ஒரு பகுதி தொடங்கினோம். அதில் சொற்களே இல்லை.

ஒரே ஒரு புதன்கிழமை மட்டும் வந்தார். முழுதாக முடித்த ஒரு கட்டம் கையில் இருந்தது. ஆசிரியர் சமாதானமாக, "ஞாயிறு எண்டால் சூரியன், மதி எண்டால் சந்திரன், அப்பிடி நேரடியாப் போடுங்கோவன். கொஞ்ச நாளையால கேட்டுப் பாக்கிறன்" என்றார்.

"அதுக்கு நான் எதுக்கு சார்? வாய்ப்பாடு போதும்." தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குக் கோபம் பொலிஸில் இல்லை, எங்களில். எனக்கு அவரில்.

சில மாதம் கழித்து ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தா. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருக்கிறவ. மகனை அதே லொட்ஜில் வைத்துத்தான் பிடித்தார்கள். கொழும்பிலேயே ஒரு தடுப்புச் சிறையில் இருக்கிறான். வழக்கு இன்னும் போடவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டா:

"குறுக்கெழுத்தை ஏன் பிள்ளை நிப்பாட்டினனீங்கள்?"

உள்ளே அவர்களுக்கு ஒரு ஞாயிறு பேப்பர் எப்படியோ கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பேப்பரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்து சண்டை பிடித்துக் கட்டத்தை நிரப்புவார்களாம். கிழமை முழுக்க அதுதான் கதையாம். "இப்ப நான் போனால் சுகமோ எண்டு கேக்க முதல் அதைத்தான் கேக்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?"

அந்த அம்மாவைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டக்கா கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். அம்மா விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கைகட்டி நின்றார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "லயம் கண்டுபிடிச்சாரா?" என்பதுதான். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எழுதிய தாள் எதுவும் உள்ளே போகாது. பாண் சுற்றிய பேப்பரைக்கூடப் பிரித்துவிட்டுத்தான் பாணைக் கொடுப்பார்கள். எண் போட்ட சதுரங்களை யார் விடுவார்கள்? அதனால் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு குறிப்பு என்று முடிவானது. அம்மா அதைப் பாடமாக்கிக்கொண்டு போய் வாயால் சொல்லுவா. எத்தனை எழுத்து என்பதையும் சொல்லுவா. விடையை வாங்கிக்கொண்டு வருவா.

"ஞாபகம் வச்சுக்குவீங்களா அம்மா?"

"தேவாரம் முழுக்கப் பாடமாக்கினனான் பிள்ளை. இதென்ன."

கம்பிவலைக்கு இந்தப் பக்கம் வரிசையாகத் தாய்மார், அந்தப் பக்கம் பிள்ளைகள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். தமிழ் தெரிந்த காவலர்கள் பின்னால் நடப்பார்கள். சில நிமிடத்தில் மணி அடித்துவிடும். அப்படிக் கத்திச் சொன்னாலும் ஆபத்து வராத குறிப்பு வேண்டும். கட்டக்கா மேசையில் இருந்து ஒன்றை யோசிப்பார், உதட்டைப் பிதுக்குவார், விடுவார். வேறொன்றை யோசிப்பார், அதையும் விடுவார். எங்கள் ஆசிரியர் சிவப்புப் பேனையால் செய்ததை இப்போது அவரே தன் சொற்களுக்குச் செய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. இதற்கு முன்பே இந்தப் பொறுமை இருந்திருக்கக் கூடாதா என்றும் எரிச்சலாக இருந்தது.

முதல் குறிப்பு, "பொழுது சாய வரும், கழுத்தில் விழும். இரண்டெழுத்து." அம்மா சொல்லி முடிக்க முதலே மகன் "மாலை" என்று கத்திவிட்டு, லேசு என்றும் சொல்லிவிட்டான்.

"லேசுன்னா சொன்னாரு?" கட்டக்காவின் மூக்கு விடைத்தது. "லேசுன்னா? இருங்க."

அப்படிப் பல கிழமைகள் ஓடின. சனிக்கிழமைகளில் நான் அம்மாவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். அவ விடையைச் சொல்லுவா, கட்டக்கா தலையாட்டுவார், அடுத்ததைக் கொடுப்பார். ஒருநாளும் நல்ல விடை என்று சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை, "மெல்லப் போ, மக்கள் குடியிருக்கும் இடம்" என்று கொடுத்திருந்தார். அவர் நினைத்த விடை நகர். அடுத்த முறை அம்மா கொண்டுவந்த விடை, ஊர்.

"இல்ல அம்மா. நகர். மூணு எழுத்து."

"அவன் ஊர் எண்டுதான் சொன்னவன்."

"மூணு எழுத்துன்னு சொன்னீங்களா?"

"அதைச் சொல்ல முதல் மணி அடிச்சுப்போட்டாங்கள் பிள்ளை."

மெல்லப் போ என்றால் நகர், மெல்லப் போ என்றால் ஊர்ந்து போகிற ஊர். குடியிருக்கும் இடம் என்றால் நகர், குடியிருக்கும் இடம் என்றால் ஊர். எழுத்தின் எண்ணிக்கையை எடுத்துவிட்டால் இரண்டும் இரண்டு பக்கமும் பொருந்தி நின்றன. அவருடைய குறிப்பில் அப்படி ஒரு ஓட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ஊர்னா என்னா?" என்று திடீரென்று என்மேல் பாய்ந்தார். "எல்லாரும் ஊரு ஊருங்கிறீங்க. என்னையக் கேப்பாங்க, ஊர் எது? கொட்டாஞ்சேனைன்னா, இல்ல, சொந்த ஊருன்னு மறுபடி கேப்பாங்க. பொறந்த லயம் கம்பெனியோடது. அப்பாவுக்கு வேல முடிஞ்ச அன்னைக்கு வீட்ட விடச் சொன்னாங்க. எனக்கு அந்தச் சொல்லு எப்படிங்க தோணும்? எனக்கு நகர்தான் தோணும்."

அவர் எழுந்து குசினிக்குள் போனார். கேத்தல் கொதித்து, அவர் பிளேன்டீ ஊற்றுகிற சத்தம் கேட்டது. கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "அவர் சொன்னது சரின்னு சொல்லுங்க அம்மா" என்றார்.

ஆனால் அடுத்த சந்திப்புக்கு அம்மா போனபோது மகன் அங்கே இல்லை. வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை. அம்மா அரசாங்கக் கந்தோர், கச்சேரி என்று அலைந்தா. நானும் எனக்குத் தெரிந்த சட்டத்தரணிகளிடம் கேட்டேன். இங்கே இல்லை, அங்கே கேளுங்கள், நாளைக்கு வாருங்கள். சில மாதங்கள் இப்படிப் போன பிறகு, தெற்கே ஒரு சிறையில் இருக்கிறான் என்று தெரிந்தது. அம்மா தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு நேரே கொட்டாஞ்சேனைக்கு வந்தா. எனக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

"கண்டவுடனை ஊர் சரியாம் எண்டு சொன்னன் பிள்ளை. சந்தோசப்படுவான் எண்டு பாத்தன். அவன் நம்பேல்லை. 'அந்த மனுசன் ஒருநாளும் அப்பிடிச் சொல்லாது. பனியையே வேண்டாம் எண்ட மனுசன். என்னை ஆத்திறதுக்குப் பொய் சொல்லுறியள்' எண்டான். 'இதிலையே பொய் சொன்னால், வீட்டிலை எல்லாரும் சுகம் எண்டு சொல்லுறதும் பொய்தானே' எண்டு கேட்டுப்போட்டு அங்காலை திரும்பிட்டான். மணி அடிக்கும்வரை திரும்பேல்லை." அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தா. "நான் மறைச்சதும் இருக்குத்தான் பிள்ளை. அதுக்காக ஒண்டையும் நம்பாமல் விட்டால் அவன் உள்ளுக்கை எப்பிடி இருப்பான்?"

கட்டக்கா எழுந்து நின்றார். பிறகு, "நான் வந்து சொல்றேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, வாசலிலை பெயர் பதிவாங்கள். அடையாள அட்டையைக் குடுக்கவேணும். ஏற்கனவே உங்களை ஒருக்காக் கொண்டுபோனவங்கள். தடுப்பிலை இருக்கிற ஒருத்தனைப் பாக்க வந்தவ எண்டு எழுதினால் அது பிறகு எங்க போய் முடியுமோ? ஒரு சொல்லுக்காகவோ?"

"என்னோட குறிப்பு. நான் சரியாப் போடல."

நான் அவருடைய கணவரைப் பார்த்தேன். அவராவது தடுப்பார் என்று. அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "விடுங்க மிஸ். அவ சொன்னா போவா. நானும் வாரேன்னா லீவு தரமாட்டானுங்க. நீங்க கூடப் போங்க" என்றார்.

போனோம். வாசலில் துப்பாக்கியோடு நின்றவனைக் கண்டதும் கட்டக்கா நின்றுவிட்டார். சுற்றிப் போக அங்கே ஒழுங்கை இல்லை. அடையாள அட்டையை நீட்டினார். அட்டை விழுந்தது. அவரே குனிந்து எடுத்து மறுபடி நீட்டினார். ஒரு கைதிக்கு இரண்டு பேர்தான் என்றார்கள். அம்மாவும் அவரும் உள்ளே போனார்கள். நான் வெளியே, தம்பிலி இளநீர் விற்கிறவரின் வண்டி நிழலில் நின்றேன். இந்த மனுசி உள்ளே போய் என்ன சொல்லித் தொலைக்கப்போகிறாளோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் முதலில் வெளியே வந்தா. முகம் வெளிறி இருந்தது. பின்னால் கட்டக்கா.

"என்ன சொன்னனீங்கள் அக்கா?"

"ஊர் சரின்னு சொன்னேன். ஆனா மூணு எழுத்துன்னு கேட்டிருந்தா நகர்தான் சரின்னும் சொன்னேன்."

"அந்த ஆனாவைக் கேட்ட பிறகுதான் நம்பினவன்" என்றா அம்மா. "ஐயா எண்டெல்லோ நினைச்சிருந்தவன். நீங்களோ, நீங்களோ எண்டு சிரிச்சான். பிறகு என்னைப் பாத்தான். 'இனிச் சொல்லுங்கோ. அப்பா எப்பிடி?' எண்டான். சொல்லிப்போட்டன்."

எனக்கு விளங்கவில்லை.

"அவன்ரை அப்பா போய் மாசக்கணக்காப் போச்சுப் பிள்ளை. வன்னியிலை, காய்ச்சலிலை. அவனைப் பாக்க வரேக்கை மட்டும் பொட்டு வைச்சுக்கொண்டு வந்தனான்." தலைப்பால் நெற்றியை அழுத்தித் துடைத்தா. துடைத்த இடம் சிவந்து கிடந்தது.

கட்டக்கா அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்குத் தெரியாது அம்மா" என்றார். "தெரிஞ்சிருந்தா..." அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்கும் இன்றுவரை தெரியாது.

அந்த மகன் வெளியே வர இன்னும் இரண்டு வருடம் ஆனது. அவன்மேல் எந்த வழக்கும் போடவில்லை. இப்போது வெளிநாட்டில் இருக்கிறான், தாயும் அவனோடுதான். எங்கள் பத்திரிகையில் குறுக்கெழுத்து திரும்பி வரவில்லை. கட்டக்கா அந்த இரண்டு வருடமும் மாதம் ஒருதடவை அந்தத் தெற்குச் சிறை வாசலுக்குப் போனார். ஒவ்வொரு முறையும் துப்பாக்கிக்காரனைக் கண்டதும் நின்றுவிட்டுத்தான் அட்டையை நீட்டினார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த முதல் நாள் திரும்பி வந்த பஸ். கடலோரப் பாதை. பஸ் நிறையச் சிங்களச் சனம். அந்தக் காலத்தில் பஸ்ஸில் நாங்கள் தமிழில் கதைப்பதில்லை. கதைத்தாலும் காதுக்குள். அம்மாவும் கட்டக்காவும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். பஸ் பாதித் தூரம் வந்துவிட்டது. பிறகு அம்மா கேட்டா:

"அவன் அடுத்ததைக் கேட்டவன் பிள்ளை. என்ன சொல்ல?"

கட்டக்கா யோசித்தார். அவர் கொடுத்ததிலேயே அவ்வளவு எளிதான ஒன்றை நான் கேட்டதில்லை. "ஏறலாம், வாசிக்கலாம். ரெண்டெழுத்து."

அம்மா பாடமாக்கத் தொடங்கினா. தேவாரம் சொல்கிற மாதிரி, வாய்விட்டு. ஏறலாம், வாசிக்கலாம். ஏறலாம், வாசிக்கலாம். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் எட்டி அம்மாவின் தோளைத் தொட்டேன். "அம்மா, மெல்லமாக் கதையுங்கோ." அவவுக்குக் கேட்கவில்லை. கட்டக்காவுக்குக் கேட்டது. ஆனால் கேட்டதாகக் காட்டவில்லை.

திடீரென்று அம்மா நிறுத்தினா.

"படியோ பிள்ளை?"

பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். இத்தனை மாதமாக எத்தனையோ குறிப்புகளைச் சுமந்துகொண்டு போனவ, ஒன்றுக்குக்கூட விடை யோசித்ததில்லை.

"சரி அம்மா" என்றார் கட்டக்கா. கொஞ்ச நேரம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கையை விட்டுவிட்டு நிமிர்ந்து இருந்தார்.

"அப்ப இத அவருக்குக் கொண்டுபோகாதீங்க. வேற ஒண்ணு தர்றேன்."